சித்தி வேறு, அனுமதி வேறு

க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள் வெளியானதும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல வீடுகளில் ஒரே கேள்வி எழுகின்றது: "பிள்ளை சித்தியடைந்தும் பல்கலைக்கழகம் ஏன் கிடைக்கவில்லை?"

மூன்று பாடங்களிலும் ஒரே தடவையில் சாதாரண சித்தியேனும், பொதுப் பரீட்சையில் 30 புள்ளியும் பெற்றவர் விண்ணப்பிக்கும் தகுதியையே அடைகின்றார். இடம் கிடைப்பது இசட் புள்ளியைப் பொறுத்தது. ஒரு பாடத்தை எழுதிய அனைவரின் சராசரிக்கு ஒருவர் எவ்வளவு மேலே நிற்கின்றார் என்பதை அது அளக்கின்றது.

அடுத்தது மாவட்டம். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமைப்படியும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படியும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. கொழும்பிலே போட்டி கடுமையாதலின் வெட்டுப்புள்ளியும் பொதுவாக உயர்ந்து நிற்கும். மன்னாரில் வாழும் உறவினர் பிள்ளை குறைந்த புள்ளியுடன் மருத்துவபீடம் புகுந்தால், ஆய்வுகூட வசதியும் ஆசிரியரும் போதாத இடத்திலே அப்பிள்ளை கற்றதை நினைத்தல் வேண்டும். நம் பிள்ளையைச் சோம்பேறியென்று ஏசுதல் நீதியன்று. இறுதியாண்டிற் பாடசாலை மாற்றுவதும் பயன் தராது. முந்திய மூன்றாண்டுகளிற் பெரும்பகுதி பயின்ற மாவட்டமே கணக்கிற் கொள்ளப்படும்.

அனுமதிக்காக மூன்று தடவை பரீட்சைக்குத் தோற்றலாம். நாவலையில் 1980 இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகமும் உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைந்நூலைப் பெற்றோரும் பிள்ளையும் ஒருங்கிருந்து படித்தல் நன்று. பரீட்சைக்கு முன்னரே படித்தல் அதனினும் நன்று.