கம்ப்யூட்டர் போட்ட கோடு சாட்சி இல்லை சாமி!

நண்பர் ஒருத்தர் ஒரு படம் அனுப்பினார். முசிறியில இருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியா கரூர் வரைக்கும் சிவப்பா ஒரு கோடு. சங்ககால வணிகப் பாதையை கம்ப்யூட்டர் நிரூபிச்சுடுச்சாம். ஆளாளுக்குப் புல்லரிச்சுக்கிட்டு இருந்தாங்க.

பொட்டி தட்டுறதுதான் என் பொழப்பு. கை சும்மா இருக்குமா? ஞாயித்துக்கிழமை கியூஜிஐஎஸ்-ஐத் திறந்து, 2000 பிப்ரவரியில் நாசா விண்ணோடம் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவை ஏத்தி, கேரளத்துப் பட்டணம் (முசிறி இங்கதான்னு ஆய்வாளர்கள் பலர் சொல்ற ஊர்), கொடுமணல், கரூர்னு மூணு புள்ளி வச்சேன். ரெண்டு மணி நேரத்துல எனக்கும் கோடு வந்துடுச்சு.

சந்தோஷமா பெருசு பண்ணிப் பார்த்தா, கொடுமணலைத் தாண்டினதும் நம்ம வணிகர் ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணி மேல நடந்து போறார்! 90-களின் தொடக்கத்துல வந்த அணைங்க அது. திருப்பூர் சாயக்கழிவு தேங்கி, விவசாயிங்க கோர்ட்டுக்குப் போன அதே அணை. உயரத் தரவுல தண்ணிப் பரப்பு தட்டையா இருக்கும். தட்டைன்னா நடக்கறது சுலபம். நிரலுக்கு வேற என்ன தெரியும்?

நடைக் கணக்குக்குப் பெரும்பாலும் எடுக்கிறது வால்டோ டாப்ளர் 1993-ல் கொடுத்த சூத்திரம். சரிவைச் சொன்னா வேகத்தைச் சொல்லும். சமதரையில மணிக்கு சுமார் 5 கி.மீ., லேசான இறக்கத்துல அதிகபட்சம் 6. தனி ஆள் நடக்கிற கணக்கு அது. உப்பு வண்டி ஓட்டின உமணருக்கும் மிளகுப் பொதி சுமந்த மாட்டுக்கும் அது எப்படிப் பொருந்தும்? மாட்டுக்குத் தண்ணி எங்க, சுங்கம் எங்க, கள்வர் பயம் எங்க, ஒண்ணும் அதுல கிடையாது. "எனக்குத் தெரியலை"ன்னும் நிரல் சொல்லாது. ரெண்டு புள்ளி கொடுத்தா கோடு நிச்சயம். அப்புறம், மலைக்கு நடுவுல சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு வழி திறந்து கிடக்கறப்ப அதுல போவாங்கன்னு சொல்ல கம்ப்யூட்டரா வேணும்?

இந்த முறையே தண்டம்னு நான் சொல்லலை. ஆஸ்திரேலியாவும் நியூகினியும் ஒரே நிலமா ஒட்டியிருந்த சாகுல்ல முதல் மனுஷங்க போன வழியை 2021-ல் வெளியான ஆய்வுல இப்படித்தான் தேடினாங்க. ஆனா ரெண்டு புள்ளியோட நிறுத்தலை. கடல் மட்டம் தாழ்ந்திருந்த காலத்து நிலத்தை வச்சு, தூரத்துல இருந்தே தெரியற மலை, குடிதண்ணி எல்லாம் சேர்த்து 12,500 கோடி பாதைகளை ஓட்டினாங்க. கடைசியில பழைய தொல்லியல் இடங்களோட ஒத்துப்போகுதான்னு சரிபார்த்தாங்க. அங்க கோடு ஒரு கேள்வி. நம்மாளுங்களுக்கு அதுவே தீர்ப்பு.

கோட்டுக்கு வெளிய இருக்கிற மேட்டை நாளைக்கு ஒருத்தன் ஜேசிபி விட்டு நிரவுவான். "பாதைதான் இங்க இல்லையே"ன்னு கேப்பான். எனக்கு அந்த பயம்தான். கொடுமணல்ல வெயில்ல நின்னு தோண்டி மணிப் பட்டறையைக் கண்டெடுத்தவங்க உழைப்புக்குப் பக்கத்துல என் ரெண்டு மணி நேரக் கோட்டை வைக்கவே கூச்சமா இருக்கு.

அதனால படம் போடற புண்ணியவான்களே, எந்தச் சூத்திரம், எவ்வளவு சுமை, எந்தெந்த அணையை அழிச்சீங்க, இந்த மூணையும் படத்துக்குக் கீழ எழுதிடுங்க. என் படத்தை நான் யாருக்கும் அனுப்பலை.