நிருபரின் கைப்பேசியில் நம் பெயர் இருக்கிறது

2015 ஏப்ரல் 7ஆம் நாளை இந்தப் பக்கம் கூலிக்கு வந்த எந்தத் தமிழ்க் குடும்பமும் மறந்திருக்காது. திருப்பதியை அடுத்த சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை 20 தமிழ்த் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. செம்மரம் வெட்ட வந்தார்கள், எங்களைத் தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. அந்தக் கதை அன்றோடு முடிந்திருக்க வேண்டியது. முடியவில்லையே, ஏன்? திருவண்ணாமலை, தருமபுரி மலைக் கிராமங்களின் குடிசை வாசல் வரை போய்க் கேட்ட நிருபர்கள் இருந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பி வந்தவர்கள் சொன்னது ஊரறிய அச்சேறியது. அந்தச் சாட்சிகள் தில்லிக்கே போய்த் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் நின்றார்கள். அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கும்படி ஆணையமே சொல்ல வேண்டியிருந்தது.

அப்படிப்பட்ட சாட்சியின் பெயரும் எண்ணும் இன்று எங்கே இருக்கும்? நிருபரின் கைப்பேசியில். அதைப் பிடுங்குகிறவன் முதலில் பிடிப்பது நிருபரை அல்ல, நம்மை. பத்திரிகைச் சுதந்திரம் படித்தவர்கள் பேசிக்கொள்கிற விஷயம் என்று ஒதுங்கி நிற்கிற தோழர்களுக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறோம்.

தேர்தல் வந்தால் இந்த ஆபத்து இரட்டிப்பாகிறது. 2021 ஏப்ரல் 17இல் நடந்த திருப்பதி நாடாளுமன்ற இடைத்தேர்தலை நினைத்துப் பாருங்கள். வெளியூர் ஆட்களை பஸ் பஸ்ஸாக இறக்கினார்கள் என்று எதிர்க்கட்சிகள் கூச்சலிட்டன. திருமலைக்கு வந்த பக்தர்கள் என்றது அன்றைய ஆளுங்கட்சி. வரிசையில் நின்ற சிலர் அட்டையில் உள்ள தகப்பன் பெயரைச் சொல்லத் தெரியாமல் விழித்ததைத் தொலைக்காட்சிக் கேமராக்கள் காட்டின. விவகாரம் ஓயவில்லை. அன்று அங்கே தேர்தல் பதிவு அதிகாரியாக இருந்தவர் 2024 ஜனவரியில் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். அவருடைய கணக்கின் வழியே 30 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்காளர் அட்டைகள் இறக்கப்பட்டன என்பது புகார். நம்மில் பலருக்கு ஓட்டு ஒரு ஊரில், உலை இன்னொரு ஊரில். நம் பெயரில் எவன் ஓட்டுப் போட்டான் என்று நாம் அறிவதற்குக் கேமராக்காரனை விட்டால் வேறு நாதி ஏது?

அந்தக் கேமராக்காரனுக்குக் கிடைத்த மரியாதை என்ன? 2024 பிப்ரவரியில், தேர்தல் நெருங்கிய வேளையில், அனந்தபுரம் மாவட்டம் ராப்தாடுவில் அன்றைய ஆளுங்கட்சிக் கூட்டத்தைப் படமெடுக்கப் போன ஆந்திரஜோதி புகைப்படக்காரரை அடித்து நொறுக்கினார்கள். அதற்கு முன், 2022 செப்டம்பரில், ஒரு வாட்ஸ்அப் செய்தியை அனுப்பினார் என்று மூத்த பத்திரிகையாளர் அங்கபாபுவைக் கைது செய்தது ஜெகன் அரசாங்கத்தின் சி.ஐ.டி. சரி, ஆட்சி மாறியது. குணம் மாறிற்றா? 2025 ஜூனில் சாட்சி தொலைக்காட்சியின் கொம்மினேனி ஸ்ரீநிவாச ராவைச் சந்திரபாபு அரசாங்கத்தின் போலீஸ் கைது செய்தது. அமராவதிப் பெண்களை இழிவாகப் பேசியது விவாதத்துக்கு வந்த வேறொருவர். அந்தப் பேச்சை நாமும் கண்டிக்கிறோம். ஆனால் பேச்சு ஒருவருடையது, விலங்கு இன்னொருவருக்கா? சில நாட்களில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு அவரை விடுவிக்கச் சொன்னது. கட்சிக் கொடியின் நிறத்தைப் பார்த்து நாம் ஒன்றுக்குக் கொதித்து மற்றொன்றுக்கு வாய்மூடிக் கிடந்தால், அடுத்த கைதுக்கு வாயே இருக்காது.

போலீஸை விட மலிவான ஆயுதம் வசைக் கூட்டம். 2017இல் ஒரு சினிமாவைப் பற்றி ஒரு வரி எழுதியதற்கே பத்திரிகையாளர் தன்யா ராஜேந்திரன் மீது ஆயிரக்கணக்கில் ஆபாச வசை கொட்டினார்கள். சினிமாவுக்கே இப்படியென்றால் தேர்தலுக்குக் கேட்க வேண்டுமா! இதில் நம் வீட்டுப் பிள்ளைகளின் விரலும் இருக்கிறது என்பது கசப்பான உண்மை. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று 2023 மார்ச்சில் பொய் வீடியோக்கள் பறந்தபோது, பயந்து மூட்டை கட்டியவர்கள் நம்மைப் போலவே பிழைக்கப் போனவர்கள். அந்தப் பொய்யை உடைத்தவர்களிலும் பத்திரிகையாளர்கள் இருந்தார்கள்.

பத்திரிகையாளர்களின் கருவிகளைப் பறிமுதல் செய்ய நெறிமுறை வேண்டுமென்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசாங்கத்திடம் கூறியது. வெறும் நெறிமுறை போதாது, சட்டமே வேண்டும் என்கிறோம். நீதிமன்ற உத்தரவின்றி நிருபரின் கைப்பேசியைத் தொடக்கூடாது. தேர்தல் காலத்தில் நிருபர் மீது தாக்குதலோ மிரட்டலோ நடந்தால், சித்தூர், திருப்பதி மாவட்டத் தேர்தல் அதிகாரிகள் அன்றைக்கே வழக்குப் பதிவு செய்யவைக்க வேண்டும்.

நம் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. நகரித் தறிக்கூடமோ, ஸ்ரீசிட்டி ஆலையோ, திருப்பதி ஓட்டலோ, எங்கே அநியாயம் நடந்தாலும் நிருபரிடம் பேசுங்கள். பேசுவதற்கு முன்பே, பெயர் போடலாமா கூடாதா என்று தெளிவாகச் சொல்லுங்கள். உங்கள் எண்ணை எந்தப் பெயரில் பதிந்துகொள்கிறார் என்றும் கேளுங்கள். கேட்டால் நல்ல நிருபர் கோபித்துக்கொள்ள மாட்டார்.