நாலு மாத்திரை வெட்டிக் குடுங்ண்ணா!

காதர்பேட்டையில் போய் ஒரே ஒரு பனியன் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். "இது ஹோல்சேலுங் சார். டஜனா எடுத்துக்கங்" என்பார். டஜன், பண்டல், கிலோ... இதுதான் அந்தத் தெருக்களின் பாஷை. எக்ஸ்போர்ட் மிச்சம், செகண்ட்ஸ் எல்லாம் மலை மாதிரிக் கொட்டிக் கிடக்கும். அள்ளி எடை போட வேண்டியதுதான்.

அங்கிருந்து நாலு எட்டு நடந்து ஏதாவது ஒரு மெடிக்கலில் நின்று பாருங்கள். அங்கே எல்லாமே தலைகீழ்! பத்து மாத்திரை அட்டையைக் கத்திரிக்கோலால் நறுக்கி நாலே நாலு கொடுப்பார்கள். யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. "மூஞ்சில பருவுங்ண்ணா. நாலு மாத்திரை வெட்டிக் குடுங்" என்றால் போதும். டாக்டர் சீட்டா? அதெல்லாம் ஆபரேஷன் கேஸுக்கு!

பனியனை மொத்தமாகவும் ஆன்ட்டிபயாடிக்கைச் சில்லறையாகவும் விற்கிற விசித்திரம் திருப்பூருக்கு மட்டும் சொந்தமில்லை. தமிழ்நாடு பூராவும் இதே கதைதான். கத்திரிக்கோல் ஊராச்சே, இங்கே கொஞ்சம் லாகவமாக வெட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

பருவ வயசில் பரு வருவது ஊர் உலகத்தில் இல்லாத அதிசயம் அல்ல. எண்ணெய்ச் சுரப்பி, ஹார்மோன் சமாசாரம். மயிர்க்கால் அடைத்துக்கொள்கிறது. உள்ளே எண்ணெய் தேங்குகிறது. அதில் ஓசியில் குடியிருக்கும் கிருமி, குடும்பத்தைப் பெருக்குகிறது. உடம்பு சண்டைக்குப் போகிறது. சிவந்து, வீங்கி, சீழ் கட்டி... கண்ணாடியே எதிரியாகிவிடும். அதிலும் காலை எட்டரைக்கு உட்கார்ந்து ராத்திரி எட்டரைக்கு எழுந்திருக்கிற (இதற்கு இங்கே 'ஒன்றரை ஷிப்ட்' என்று பெயர்) பனியன் கம்பெனிப் பிள்ளைகளுக்கு வியர்வை, பஞ்சுத் தூசி, அயர்ன் டேபிள் ஆவி என்று சீதனங்கள் வேறு. பரு இதனால் வருவதில்லை. ஆனால் வந்த பருவை இதெல்லாம் விசிறி விடும்.

லேசான பருவுக்குப் பூசுகிற மருந்தே போதும். முகம், முதுகு, மார்பு என்று சீழோடு பரவியிருந்தால்தான் தோல் டாக்டர்கள் மாத்திரை எழுதுவார்கள். டாக்ஸிசைக்ளின், மினோசைக்ளின், சில சமயம் அஸித்ரோமைசின். முதலாவதுதான் அதிகம். மெடிக்கலில் அதற்குச் செல்லப் பெயர் 'டாக்ஸி'. கிருமியையும் அடக்கும், வீக்கத்தையும் தணிக்கும். நல்ல மருந்து. சந்தேகமே இல்லை.

ஆனால் தெருவில் ஓடுகிற டாக்ஸி கூப்பிட்டதும் வரும். இந்த டாக்ஸி வந்து சேர ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். இதை யாரும் நமக்குச் சொல்வதில்லை. சொன்னாலும் நாம் கேட்பதில்லை!

செக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கும் ஒரு பெண் சொன்ன கதை இது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். புதன்கிழமை நாலு மாத்திரை வாங்கி ஆரம்பித்தாள். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு வந்து கண்ணாடியைப் பார்த்தால், பரு அப்படியே சிரிக்கிறது.

"டூப்ளிகேட் மாத்திரையுங் சார். அன்னிக்கே நிறுத்திப்போட்டேன்."

"அப்புறம் மாப்பிள்ளை வீடு?"

"வந்தாங்க. மாப்பிள்ளைக்கு என்னையவிட நாலு பரு ஜாஸ்திங்!"

கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஆனால் எல்லாக் கதையும் இப்படிச் சுபமாக முடிவதில்லை. நாலு நாள் மாத்திரையில் பரு போகாது. கிருமிக்கு மட்டும் மருந்தின் முகம் பழகிவிடும்.

இவளுக்கு நேர் எதிர், ஒரு மொத்தக் கடை சேல்ஸ்மேன். டாக்டரிடம் முறையாகப் போனவர்தான். மூன்று மாசத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. டாக்டர் நிறுத்தச் சொன்னார். இவர் நிறுத்தவில்லை. பழைய சீட்டையே காட்டிக் காட்டி பதினோரு மாசம் ஓட்டிவிட்டார். "நிறுத்தினா மறுக்கா வந்துருமோன்னு பயமுங் சார்" என்கிறார். பயம் நியாயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து வேறே. மூன்று மாசம், மிஞ்சினால் நாலு மாசம், அதற்குள் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூசுகிற மருந்தில் தொடர வேண்டும் என்பதுதான் தோல் வைத்தியத்தின் கணக்கு. கூடவே ஆரம்பத்திலிருந்தே பென்ஸாயில் பெராக்ஸைடு என்ற களிம்பையும் பூசச் சொல்வார்கள். மாத்திரைக்கு அடங்காத கிருமியையும் அது போட்டுத் தள்ளிவிடும்.

இந்தக் களிம்பால் திருப்பூரில் மட்டும் ஒரு தனி வில்லங்கம் உண்டு. அது சாயத்தை வெளுக்கும்! பார்சல் பிரிவில் ஒரு பையன் ராத்திரி முகத்தில் பூசிக்கொண்டு புது நேவி ப்ளூ டி-ஷர்ட்டோடு படுத்துவிட்டான். காலையில் காலர் ஓரமெல்லாம் ஆரஞ்சுத் திட்டு. முதலாளி பார்த்தார். "எந்த டையிங்டா இது? இந்த லாட்டையே திருப்பி அனுப்பு!" என்று குதித்தாராம். பாவம், எந்தச் சாயப்பட்டறைக்காரர் அன்றைக்குத் திட்டு வாங்கினாரோ! இந்தக் களிம்பு பூசுகிறவர்கள் வெள்ளைத் துண்டு, வெள்ளைத் தலையணை உறை, வெள்ளைப் பனியன் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பனியனுக்கு இந்த ஊரில் பஞ்சமா?

சிரித்தது போதும். அடுத்த கதையில் சிரிக்க ஒன்றும் இல்லை.

பவர் டேபிளில் தைக்கும் பெண். ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். ராத்திரி படுக்கப் போகும்போது ஒரே ஒரு வாய்த் தண்ணீரில் மாத்திரையை விழுங்கிவிட்டுச் சாய்ந்துவிட்டாள். விடிந்தால் நெஞ்சில் தீ வைத்த மாதிரி எரிச்சல். எச்சில் விழுங்க முடியவில்லை. ஹார்ட் அட்டாக் என்று ஹாஸ்டலே அலறியிருக்கிறது. ஒன்றுமில்லை, டாக்ஸிசைக்ளின் உணவுக்குழாயிலேயே ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிட்டது. ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு, சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்க வேண்டும். அப்புறம் அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

"பகல்லயே ஒரு டம்ளர் தண்ணியோட சாப்பிட்டிருக்கலாமே அம்மிணி?" என்று கேட்டேன்.

"தண்ணி குடிச்சா பாத்ரூம் போகோணுங். நாலு தடவ எந்திரிச்சா சூப்பர்வைசர் மொறைப்பாருங்."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மாத்திரை அட்டையில் எல்லாம் அச்சடித்திருக்கிறது. சூப்பர்வைசர் முறைப்பார் என்பது மட்டும் இல்லை.

எரிச்சலுக்கு அவள் என்ன செய்தாள் தெரியுமோ? அசிடிட்டிக்குக் குடிக்கிற மருந்தை அதே நேரத்தில் ஊற்றிக்கொண்டாள். அது டாக்ஸியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. ரத்தசோகைக்குக் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையும், கால்சியம் மாத்திரையும் அதே வேலையைச் செய்யும். பனியன் கம்பெனிப் பெண்களில் இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்! இரண்டையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு "பரு போகலையே" என்று மருந்தைத் திட்டினால் எப்படி? இடையில் எத்தனை மணி நேரம் விட வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மொபெட்டில் பண்டல் ஏற்றிக்கொண்டு பகலெல்லாம் அலைகிற பையன் ஒருவன், பத்தே நாளில் முகமும் புறங்கையும் சுட்ட கத்திரிக்காய் மாதிரி ஆகி வந்து நின்றான். டாக்ஸி சாப்பிடுகிறபோது வெயில் ஆகாது. தொப்பி, முழுக்கை, வெயில் தடுப்புக் க்ரீம் எல்லாம் வேண்டும். குமட்டல் சிலருக்கு. பெண்கள் சிலருக்கு அந்தரங்கத்தில் அரிப்பு. வெட்கப்பட்டு மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டியது. மினோசைக்ளின் சிலருக்குத் தலைசுற்றல் தரும், ரொம்ப நாள் சாப்பிட்டால் தோலில் நீலச் சாயல் விழும். மண்டை பிளக்கிற தலைவலியோடு பார்வையும் மங்கினால் அன்றைக்கே டாக்டரைப் பார்த்தாக வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயசுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கும் பருவுக்காக இந்த வகை மாத்திரை கூடாது. குழந்தைகளுக்குப் பல்லில் கறை ஏறும். 'அக்காவுக்குக் கேட்டுச்சே' என்று தங்கைக்குக் கொடுப்பதும் கூடாது. முதுகில் அரிப்போடு பொரிப் பொரியாக வருவது சில சமயம் பூஞ்சை. அதற்கு ஆன்ட்டிபயாடிக் கொடுத்தால் இன்னும் கொண்டாட்டமாகப் பெருகும். வெள்ளையாக வேண்டும் என்று ஸ்டீராய்டு க்ரீம் பூசிப் பூசி வந்த பருவானால் முதலில் க்ரீமைக் கவனிக்க வேண்டும். மெடிக்கல் கவுன்டரில் நின்றபடி இதையெல்லாம் யார் கண்டுபிடிப்பது?

இந்த டாக்ஸிக்கு ஒரு பூர்வீகம் உண்டு. அதில் நம்ம ஊர் சம்பந்தமும் உண்டு. எல்லப்பிரகட சுப்பாராவ் என்று ஒருவர். 1895-ல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போய் லெடர்லி கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவர் ஆனவர். அவருக்குக் கீழே வேலை பார்த்த பெஞ்சமின் டக்கர் என்ற வயசான தாவர விஞ்ஞானி, மிசௌரியிலிருந்து வந்த ஒரு கை மண்ணில் ஒரு நுண்ணுயிரைக் கண்டுபிடித்தார். அது சுரந்த பொருள் தங்க நிறம். அதனால் பெயர் ஆரியோமைசின். 1948-ல் உலகத்துக்கு அறிவித்தார்கள். டெட்ராசைக்ளின் வம்சத்தின் மூத்த பிள்ளை அதுதான். டாக்ஸிசைக்ளின் அதன் தம்பி முறை. அதே 1948-ல் சுப்பாராவ் காலமாகிவிட்டார். மண்ணைச் சலித்து எடுத்த தங்கம். நாம் நாலு நாலாக நறுக்கிக்கொண்டிருக்கிறோம்.

'என் மூஞ்சி, என் பரு, என் காசு, உனக்கென்ன?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

மாத்திரை முகத்துக்கு மட்டும் போவதில்லை. வயிறு, தொண்டை, தோல் என்று எல்லா இடத்திலும் இருக்கும் கிருமிகளுக்கும் அது பாடம் எடுக்கிறது. மருந்துக்கு அடங்காத கிருமி கூடப் படுத்திருப்பவருக்கும் ஒட்டும். ஒரே ரூமில் எட்டுப் பேர் படுக்கிற ஹாஸ்டலில் கேட்கவே வேண்டாம். மருந்து சாப்பிடாத ஏழு பேருக்கும் இதில் பங்கு உண்டு. 1945-ல் நோபல் பரிசு வாங்கிய கையோடு பேசிய அலெக்சாண்டர் ஃபிளெமிங்கே, 'கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றானால் அரைகுறையாகச் சாப்பிட்டுக் கிருமியைப் பழக்கிவிடுவார்கள்' என்கிற பொருளில் எச்சரித்தார். காதர்பேட்டைக் கத்திரிக்கோல் சத்தம் அவருக்கு அப்போதே கேட்டுவிட்டது போல!

நம் ஊர்க் கிராமங்களில் உண்ணிக் காய்ச்சல் வருகிறது. ஸ்க்ரப் டைஃபஸ். சரியான நேரத்தில் கவனிக்காவிட்டால் உயிரையே குடிக்கும். அதற்கு உயிர் காக்கும் மருந்துகள் என்ன தெரியுமா? இதே டாக்ஸிசைக்ளின், இதே அஸித்ரோமைசின். கடுமையான காய்ச்சலுக்கு இரண்டையும் சேர்த்து ஊசியாகக் கொடுப்பது மேலும் நல்லது என்று வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் முன்னின்று நடத்திய ஆராய்ச்சி 2023-ல் வெளியானது. உலகமே அதைக் கவனித்தது. டைபாய்டுக்கும் அஸித்ரோமைசின்தான் கைகொடுக்கிறது. அதற்கும் மசியாத டைபாய்டு கிருமி தெற்காசியாவில் அங்கங்கே தலைகாட்டத் தொடங்கிவிட்டது. உயிருக்குப் போராடுகிறவருக்கான ஆயுதத்தை எடுத்து மூக்கு நுனிப் பருவைக் குத்துகிறோம். குத்தட்டும். சில பருவுக்கு அது தேவைதான், தழும்பையும் மனசுத் தழும்பையும் தடுக்கும். ஆனால் அளவோடு குத்த வேண்டாமா?

அட்டையின் பின்பக்கம் மேலிருந்து கீழே ஒரு சிவப்புக் கோடு இருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதே என்று அர்த்தம். 2016-ல் மத்திய அரசு இந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றிப் பெரிதாகப் பிரசாரம் செய்தது. கத்திரிக்கோல் போட்டால் மருந்தின் பெயர் ஒரு துண்டில், காலாவதித் தேதி இன்னொரு துண்டில். கையில் வருவது பாதி சிவப்புக் கோடு!

அரை நாள் கூலி போகுமே என்றுதான் பலரும் டாக்டரிடம் போவதில்லை. புரிகிறது. ஆனால் இ.எஸ்.ஐ. அட்டை பர்ஸில் சும்மா தூங்குகிறதே, அதை எழுப்பலாம். 2022-லிருந்து திருப்பூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஒரு அரை நாள் போனாலும், நாலு நாலாக வெட்டி வாங்கிய மாத்திரைக் காசைக் கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாகிவிடும்.

போனால் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இது எனக்குத் தேவையா? எதோடு சாப்பிடணும், எதோடு கூடாது? எந்தத் தேதியில் நிறுத்தணும்? மூன்றாவது கேள்விக்கான பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. எத்தனை பீஸ், என்ன அளவு, எந்தத் தேதியில் டெலிவரி என்று எழுதாமல் இங்கே யாரும் துணியில் கத்திரி வைக்க மாட்டார்கள். தேதி போடாத ஆர்டரைத் தொடாத ஊரில், தேதி போடாத மாத்திரையை மட்டும் ஏனுங் முழுங்கணும்?