ரத்தம் கொடுத்தால் தெம்பு போய்விடாது

சைக்கிள் குழுக்களில் ரத்த தானம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஒரே பதில்தான் வருகிறது. "அடுத்த மாசம் பி.ஆர்.எம். நெடுந்தூரப் பயணம் இருக்கு ப்ரோ, இப்போ கொடுத்தா கால்ல தெம்பே இருக்காது." வீட்டில் அம்மா சொல்வது வேறு மாதிரி. "வெயில்ல மிதிச்சு மிதிச்சு வத்தலாக் கிடக்கே, இதுல ரத்தம் வேற கொடுக்கணுமா?" ஒருவருக்குப் பந்தயக் கவலை, இன்னொருவருக்குப் பிள்ளைக் கவலை. இரண்டுக்கும் அடியில் இருக்கும் நம்பிக்கை ஒன்றே: ரத்தம் பிறவியிலேயே அளந்து கொடுத்த சொத்து, போனால் போனதுதான், கடுமையாக உழைக்கிற உடம்புக்கு அது தீராத நஷ்டம்.

இந்த நம்பிக்கை பொய். ஊரில் உலவும் மற்ற பல பொய்களைப் போல யாரையும் தொந்தரவு செய்யாமல் கிடக்கிற பொய்யும் அல்ல. நோய்நொடி இல்லாத, உணவிலும் உறக்கத்திலும் ஒழுங்குள்ள, வாரந்தோறும் தன் உடம்பைச் சோதித்துப் பார்க்கிற ஆயிரக்கணக்கானவர்களை அது ரத்த வங்கியின் வாசலிலேயே நிறுத்தி வைக்கிறது.

உடலின் கணக்கைப் பார்ப்போம். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. இந்தியாவில் ஒரு முறைக்கு எடுப்பது 350 மில்லிலிட்டர். எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் 450 வரை எடுக்கலாம். எப்படிப் பார்த்தாலும் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. அதில் பாதிக்கு மேல் பிளாஸ்மா என்னும் நீர்ப்பகுதி. அது ஓரிரு நாளில் திரும்பி நிறைந்துவிடும். சிவப்பணுக்கள் மெதுவாகத்தான் வரும். ஆனாலும் எலும்பு மஜ்ஜை நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களை உருவாக்கிக்கொண்டேதான் இருக்கிறது. ஒரு சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். கொடுக்காமல் பொத்திப் பாதுகாத்தாலும் இன்று ஓடுகிற சிவப்பணுக்கள் நான்கு மாதத்தில் அழிந்து, அந்த இடத்தில் புதியவை வந்திருக்கும்.

அதற்காக, கொடுத்தால் ஒன்றுமே ஆகாது என்று சொல்வதும் நேர்மையில்லை. முகாம் நடத்துபவர்கள் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். கேட்டுக் கொடுத்துவிட்டு மறுநாள் காலை மாமல்லபுரம் வரை மிதிக்கப் போனவர் பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றால், பிறகு அவர் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார். குறைவது உண்மை. ஆக்சிஜனைச் சுமப்பது சிவப்பணு. சுமப்பவை குறைந்தால் உச்ச உழைப்பும் குறையத்தான் செய்யும். கேள்வியெல்லாம் எவ்வளவு, எத்தனை நாள் என்பதே.

டென்மார்க் ஆய்வாளர்கள் இதை ஆய்வகச் சைக்கிளில் கொடையாளிகளை ஏற்றியே அளந்து 2015-இல் வெளியிட்டார்கள். ரத்தம் கொடுத்த மூன்றாம் நாளில் உச்ச ஆக்சிஜன் பயன்பாடு ஆறேழு சதவீதம் குறைந்திருந்தது. இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் திறன் பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஆறு சதவீதம் என்பது சாலையில் எவ்வளவு? சமதளத்தில் காற்றின் எதிர்ப்பு வேகத்தோடு பல மடங்காக ஏறுவதால், உழைப்பு ஆறு சதவீதம் குறைந்தால் வேகம் இரண்டு சதவீதம் அளவே குறையும். மணிக்கு 30 கிலோமீட்டரில் போகிறவர் 29.4-இல் போவார். ஒரு மணி நேரம் ஏறுகிற மலைப்பாதையில் மூன்று, நான்கு நிமிடம் கூடுதலாகும். அதுவும் முழு மூச்சாக முட்டி மிதித்தால்தான் தெரியும்; பேசிக்கொண்டே ஓட்டும் ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தில் தெரியவே தெரியாது. இந்த மூன்று நிமிடத்தைத்தான் 'தெம்பு போய்விடும்' என்று பெயரிட்டு ஆண்டுக்கணக்காகப் பயந்துகொண்டிருக்கிறார்கள்.

சைக்கிள் பந்தய உலகத்துக்கு இந்த உண்மை எப்போதோ தெரியும் என்பதுதான் கசப்பான செய்தி. 1972-இல் ஸ்வீடனின் உடலியங்கியல் அறிஞர் பியோர்ன் எக்ப்ளோம் சிலரிடம் ரத்தத்தை எடுத்து, சில வாரம் கழித்து அவர்களுக்கே திரும்ப ஏற்றிப் பார்த்தார். எடுத்ததும் திறன் குறைந்தது; உடல் தானாக ஈடுசெய்துகொண்டது; சேமித்ததைத் திரும்ப ஏற்றியபோது திறன் பழைய அளவையும் தாண்டியது. அறிவியலாகத் தொடங்கியது பிறகு மோசடியாக வளர்ந்தது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க சைக்கிள் அணியினர் சிலர் ரத்தம் ஏற்றிக்கொண்டு போட்டியிட்டார்கள். அப்போது அதற்குத் தடை இல்லை. 2006-இல் ஸ்பெயின் காவல்துறை மாட்ரிட்டில் மருத்துவர் யூஃபெமியானோ ஃபுயன்டெஸின் இடங்களைச் சோதனையிட்டபோது, குளிர்பெட்டிகளில் 200-க்கும் மேற்பட்ட ரத்தப் பைகள் கிடைத்தன. உலகின் மிகக் கடினமான பந்தயங்களில் மிதித்தவர்கள் பருவத்தின் நடுவில் பை பையாக ரத்தம் எடுக்கக் கொடுத்துவிட்டு, பயிற்சியையும் தொடர்ந்திருக்கிறார்கள். எடுத்த ரத்தத்தை உடல் சில வாரங்களில் மீட்டுவிடும் என்ற உறுதியில்தான் அந்த மோசடி முழுவதும் நின்றது. திருட்டுத்தனமாகப் பதக்கம் வாங்க அந்த உடலியல் பயன்பட்டிருக்கிறது. ஒரு பிரசவ அறைக்கு அது பயன்படக் கூடாதா?

உண்மையான கவலை ஒன்று இருக்கிறது. அது தெம்பு அல்ல, இரும்புச்சத்து. ஒவ்வொரு கொடையிலும் 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்பு வெளியேறுகிறது. வேகம் சில வாரங்களில் திரும்பினாலும் இந்தச் சேமிப்பு அவ்வளவு சீக்கிரம் நிரம்பாது. அமெரிக்காவில் 215 கொடையாளிகளை வைத்து நடந்து 2015-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. தினமும் குறைந்த அளவு இரும்பு மாத்திரை எடுத்தவர்கள், இழந்த ஹீமோகுளோபினில் 80 சதவீதத்தை ஏறக்குறைய ஒரே மாதத்தில் மீட்டார்கள். மாத்திரை எடுக்காதவர்களில், இரும்புச் சேமிப்பு நன்றாக இருந்தவர்களுக்கு 78 நாளும் சேமிப்பு குறைவாக இருந்தவர்களுக்கு 158 நாளும் பிடித்தது. இங்கிலாந்தில் 45,000 கொடையாளிகளிடம் நடந்து 2017-இல் வெளியான இன்டர்வல் ஆய்வும் இதையே வேறு விதத்தில் சொன்னது. இடைவெளியைச் சுருக்கி அடிக்கடி கொடுத்தவர்களுக்கு இரும்பு குறைந்தது, சோர்வும் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் வாழ்க்கைத் தரத்திலோ உடலுழைப்பிலோ குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை. அங்கே ஆண்கள் 8 வாரத்துக்கு ஒருமுறைகூடக் கொடுத்துப் பார்த்தார்கள். இந்தியாவில் ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி கட்டாயம்.

சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இந்த இடத்தில் மற்றவர்களைவிடக் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நீண்ட தூரம் மிதிப்பவர்களுக்கு வியர்வையிலும் குடலிலும் சிறிதளவு இரும்பு போகும். தொடர்ந்த பயிற்சியால் பிளாஸ்மா அளவு கூடுவதால் ஹீமோகுளோபின் எண், உள்ளதைவிடக் குறைவாகவும் தெரியலாம். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. பீட்ரூட் சாறு சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நம்பிக் குடிப்பவர்கள், ஆட்டு ஈரலையும் சுவரொட்டியையும் கீரை, பயறு வகைகளையும் தேடலாம். கூடவே நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்த்தால் இரும்பு நன்றாக உடலில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது தடைப்படும். மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

பெண்கள் விஷயத்தில் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்த வங்கி எடுக்காது, எடுக்கவும் கூடாது. ஆனால் தகுதியுள்ள பெண்ணையும் 'உனக்கெதுக்கு இதெல்லாம்' என்று உட்கார வைக்கும் வழக்கம் அறிவியல் அல்ல. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி எழுத்தறிவு இயக்கத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றபோதும், பெண் உடம்பு தாங்காது என்ற பேச்சு கிளம்பியது. அவர்கள் தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிக் காட்டினார்கள்.

எதிர்ப்பக்கத்துப் பொய்களையும் விட்டுவைக்கக் கூடாது. ரத்தம் கொடுத்தால் கெட்ட ரத்தம் போய்விடும், எடை குறையும், மாரடைப்பே வராது என்றெல்லாம் ஆசை காட்டி அழைக்கிறார்கள். கெட்ட ரத்தம் என்று தனியாக ஒன்று உடலில் இல்லை. மாரடைப்பைத் தடுக்கும் என்பது நிரூபணமாகவில்லை. லாபம் காட்டி அழைத்தவர், அந்த லாபம் கைக்கு வராதபோது திரும்பி வர மாட்டார். கொடுப்பது இன்னொருவருக்காக என்று நேராகச் சொல்லி அழைப்பதில் என்ன கூச்சம்?

அந்த இன்னொருவர் யார்? 2022-இல் தமிழ்நாட்டில் பதிவான சாலை விபத்துகள் 64,105, நாட்டிலேயே அதிகம். விபத்துகள் நடக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் ஜி.எஸ்.டி. சாலையிலும்தான் சைக்கிள்காரர்களும் விடியற்காலையில் மிதிக்கிறார்கள். விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான செலவை 2021 டிசம்பர் முதல் அரசுத் திட்டம் ஏற்கிறது. பணத்தை அரசு கொடுக்கலாம். ரத்தத்தை மனிதர்தான் கொடுக்க முடியும். தலசீமியா குழந்தைகளுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும் ரத்தம் ஏற்ற வேண்டும். நீலகிரிக்கு ஏறுவதை ஒவ்வொரு சைக்கிள்காரரும் கனவாக வைத்திருக்கிறார். 2008-இல் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரிஸ் பயணத்துக்கு நாடு முழுவதிலிருந்தும் வருகிறார்கள். அந்த மலையின் பழங்குடி மக்களிடம்தான் 1952-இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் இந்தியாவில் முதன்முதலாக அரிவாள் செல் பண்பைக் கண்டறிந்தார்கள். அரிவாள் செல் நோயாளிகளில் பலருக்கு நெருக்கடி நேரத்தில் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். மலை ஏறுவதற்கு ஆசைப்படுகிறவர்கள் மலையில் இருப்பவர்களையும் நினைக்க வேண்டும்.

எப்போதாவது ஒருமுறை கொடுத்தால் போதாதா என்றால், போதாது. சிவப்பணுக்களை 35 முதல் 42 நாள் வரைதான் வைத்திருக்க முடியும். பிளேட்லெட்டுகளை 5 நாள் மட்டுமே. தலைவர்களின் பிறந்தநாளில் குவியும் யூனிட்டுகள் கோடை வரை தாங்குவதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரிகளுக்கு விடுமுறை விட்டதும் முகாம்கள் குறைந்து ரத்த வங்கிகள் தவிக்கின்றன. உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து, காசுக்கு ரத்தம் விற்பது 1998 ஜனவரி 1 முதல் நின்றது. ஆனால் 'ஒரு யூனிட் வேண்டுமா, பதிலுக்கு ஆள் கொண்டு வாருங்கள்' என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. பதற்றத்தில் இழுத்து வரப்படும் உறவினரின் ரத்தத்தைவிட, ஒவ்வொரு முறையும் பரிசோதனைக்கு உட்பட்டு, தன் உடல்நிலையை ஒளிக்காமல் சொல்லிப் பழகிய தொடர் கொடையாளியின் ரத்தம் பாதுகாப்பானது.

சைக்கிள் குழுக்களின் முகாம்களில் ஒரு பெரிய தவறு நடக்கிறது. காலையில் கொடியசைத்துப் பேரணி, 30 கிலோமீட்டர் வெயிலில் மிதிப்பு, முடிவில் ரத்த தானம், பிறகு அதே சைக்கிளில் வீட்டுக்கு. வியர்த்து நீர்வற்றிய உடம்பில் ரத்தம் எடுத்தால் மயக்கம் வரத்தான் செய்யும். பழியும் ரத்த தானத்தின் மேல்தான் விழும். பேரணியை வேறு நாளில் வையுங்கள். கொடுக்கும் நாளில் நன்றாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகட்டும். அடுத்த 24 மணி நேரம் கடுமையான மிதிப்பு வேண்டாம்; அடுத்த இரண்டு வாரம் மலையும் பந்தயமும் வேண்டாம். இன்னொரு சிக்கலும் உண்டு. இந்திய விதிப்படி நாடித்துடிப்பு 60 முதல் 100 வரை இருக்க வேண்டும். நன்றாகப் பயிற்சி எடுத்தவருக்கு 50 இருப்பது சாதாரணம். மருத்துவரிடம் பயிற்சி விவரத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் வேண்டாம் என்றால் வாக்குவாதம் வேண்டாம்.

பந்தயம் நெருங்குகிறது என்றால் பிளேட்லெட் கொடுக்கலாம். சிவப்பணுக்களை உடனே உடலுக்குள் திருப்பி அனுப்பும் முறை அது. டெங்கு பரவும் மழைக்காலத்தில் அதற்குத் தேவையும் அதிகம்.

200, 300, 400, 600 கிலோமீட்டர் என்று ஆண்டு முழுவதுக்கும் முன்கூட்டியே நாள் குறித்து வைக்கிறவர்கள் நெடுந்தூர சைக்கிள்காரர்கள். அந்த நாட்காட்டியிலேயே ரத்தம் கொடுக்கும் நாளையும் எழுதி வையுங்கள். பெரிய பயணம் முடிந்து ஓய்வெடுக்கும் காலத்தில், உடம்பு தேறியதும், ஒரு நாள். அடுத்தது 90 நாள் கழித்து, பெண்களுக்கு 120 நாள் கழித்து. 18 முதல் 65 வயது வரை உடல்நலமுள்ள எவரும் கொடுக்கலாம். குழுத் தலைவர்கள் தங்கள் பெயரை முதலில் எழுதட்டும். இந்தக் கோடையில், ஏப்ரல் மாதத்திலேயே, அருகிலுள்ள அரசு மருத்துவமனை ரத்த வங்கிக்குப் போய்வாருங்கள்.