கோடையே வருக! வாடகையைக் கணக்கிடுக!



பங்குனி பிறந்தாலே பெரம்பலூர், அரியலூர் இரண்டிலும் வெயில் கொளுத்தத் தொடங்கிவிடும். மற்றவர்கள் வெயிலைத் திட்டலாம்; வியாபாரிகளாகிய நாம் திட்டக் கூடாது. சர்பத், குளிர்பானம், மின்விசிறி, மண்பானை எல்லாம் வேகமாக நகர்வது இந்த மூன்று மாதத்தில்தான். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் சித்திரைத் திருவிழாவும், வைகாசி முகூர்த்தங்களும் அடுத்தடுத்து வருகின்றன. ஆகவே கோடையை மனமார வரவேற்போம்.

ஆனால் சரக்கு வந்து சேரும் செலவு நம்மை யோசிக்க வைக்கிறது. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அரியலூர் - பெரம்பலூர் - துறையூர் - நாமக்கல் ரயில் பாதை நெடுநாள் கோரிக்கையாகவே நிற்கிறது. எல்லாம் லாரிதான். சென்னைச் சரக்குக்குத் திருமாந்துறையில் சுங்கம். திருச்சிச் சரக்குக்குச் சமயபுரத்தில் சுங்கம். இக்கட்டணம் ஆண்டுதோறும் மாற்றியமைக்கப்படுகிறது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் டீசல் அதற்குள் வரவில்லை. டீசலுக்குக் கட்டும் வரியை லாரிக்காரர் ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ள வழியில்லை; வாடகையில்தான் சேர்ப்பார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு விலையை ஏற்றுவது சரியா? டன்னுக்கு 200 ரூபாய் வாடகை கூடினால் கிலோவுக்கு 20 காசுதான். அதைக் காரணம் காட்டி கிலோவுக்கு 2 ரூபாய் ஏற்றினால் வாடிக்கையாளர் ஒருமுறை வாங்குவார்; மறுமுறை வேறு கடை பார்ப்பார். பிளாஸ்டிக் நாற்காலி, ஏர்கூலர் கதை வேறு. எடை குறைவு, இடம் அதிகம். லாரி சீக்கிரம் நிரம்பிவிடும். அங்கே உருப்படிக்கு இவ்வளவு என்று வாடகையைப் பிரித்தே விலை வைக்க வேண்டும்.

மொத்த வியாபாரிகளாகிய எங்கள் கடமையும் உண்டு. ஆளுக்கொரு வண்டியில் அரை லோடு எடுப்பதை விட்டு, இருவர் மூவர் சேர்ந்து முழு லோடாக எடுக்கலாம். பில்லும் ஈ-வே பில்லும் மட்டும் அவரவர் பெயரில் தனித்தனியே இருக்கட்டும். அரியலூரிலிருந்து சிமெண்ட் மூட்டை ஏற்றிச் சென்று காலியாகத் திரும்பும் லாரிகளை முன்கூட்டியே பேசி வைத்தால் வாடகை குறையும். செந்துறை, ஜெயங்கொண்டம், குன்னம், வேப்பந்தட்டைப் பகுதிச் சில்லறைக் கடைக்காரர்கள் வாரத்தில் ஒரு நாளைக் குறித்து ஆர்டர் கொடுத்தால், ஒரே நடையில் வழிநெடுகச் சரக்கை இறக்கிவிடலாம். மிச்சமாகும் வாடகையில் பாதியையாவது விலையில் குறைத்துக் கொடுப்பது எங்கள் பொறுப்பு.

கத்திரி வெயில் மே முதல் வாரத்தில் தொடங்கிவிடும். அதற்கு முன்பே இரு மாவட்டச் சங்கங்களும் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.