பழைய கணினிக்குத் திரைக்காப்பு வேண்டுமா?

எங்கள் ஆய்வகத்து டாஸ் கணினியிலிருந்து திரைக்காப்பு நிரலை நீக்கிவிட வேண்டும் என்று சென்ற வாரம் முடிவாயிற்று. அம்முடிவுக்குக் காரணமானவன் நானே. ஆயினும் அது தவறான முடிவு என்றே கருதுகிறேன்.

வட இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் இயற்பியல் ஆய்வு செய்கிறேன். இங்குள்ள எக்ஸ் கதிர் டிஃப்ராக்டோமீட்டரை இன்றும் ஒரு 286 கணினியே இயக்குகிறது. 'இன்னுமா?' என்று நண்பர்கள் நகைக்கிறார்கள். கருவியைக் கட்டுப்படுத்தும் அட்டை பழைய ஐஎஸ்ஏ செருகுவாயில் மட்டுமே பொருந்தும். புதிய கணினிகளில் அச்செருகுவாய் இல்லை. திரையையாவது மாற்றலாமே என்றால், ஹெர்குலிஸ் அட்டை அனுப்பும் சமிக்ஞையின் கிடைவரி அதிர்வெண் ஏறத்தாழ 18 கிலோஹெர்ட்ஸ். இன்றைய எல்சிடி திரைகள் பொதுவாக 30-க்குக் குறைந்ததை ஏற்பதில்லை. ஆகவே இருக்கும் பச்சைத் திரையைத்தான் காப்பாற்றியாக வேண்டும். ஒரே எழுத்து ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் ஒளிர்ந்தால், அவ்விடத்தில் மட்டும் பாஸ்பர் பூச்சு மங்கிவிடும். எங்கள் அளவீட்டு நிரலின் பட்டியல் அணைந்த திரையிலும் நிழல்போலத் தெரிகிறது.

இதற்காகத்தான் நினைவகத்தில் தங்கும் திரைக்காப்பு. ஜான் சோச்சா 1983 டிசம்பரில் சாஃப்டாக் இதழில் வெளியிட்ட நிரலின் வழியிலேயே, எங்கள் முன்னாள் மாணவர் ஒருவர் அசெம்பிளியில் எழுதியது. டாஸ் ஒரு நேரத்தில் ஒரு நிரலையே இயக்கும். எனினும் இந்நிரல் வேலை முடிந்தும் வெளியேறாமல், 640 கிலோபைட்டில் ஒரு கிலோபைட்டுக்கும் குறைவான இடத்தில் ஒதுங்கியிருக்கும். கணினிக் கடிகாரம் வினாடிக்கு 18.2 முறை துடிக்கிறது. விசை எதுவும் அழுத்தப்படாமல் 3,277 துடிப்புகள், அதாவது மூன்று நிமிடங்கள், கடந்தால், காட்சி அட்டையின் கட்டுப்பாட்டுப் பதிவகத்தில் ஒரேயொரு பிட்டை அணைத்துவிடும். திரை இருளும், அளவீடு தொடரும்.

பிழை நேர்ந்தது விடியற்காலையில். இளைய ஆய்வாளர் ஒருவரின் மாதிரி இரவு முழுவதும் கருவியில் இருந்தது. திரையை எழுப்ப எண்ணி, கைக்கு அகப்பட்ட எஸ்கேப் விசையை அழுத்தினேன். திரைக்காப்பு விழித்தது; ஆனால் அந்த விசையை அடியிலிருந்த அளவீட்டு நிரலுக்கும் கடத்தியது. அந்நிரலுக்கு எஸ்கேப் என்றால் 'நிறுத்து' என்று பொருள். அளவுகளை இறுதியில்தான் வட்டில் எழுதும் நிரல் அது. பதினான்கு மணி நேர உழைப்பு போயிற்று. ஈரக்காற்றில் சிதையும் அச்சேர்மத்தில் மறுமுறை அளக்க எதுவும் மிஞ்சவில்லை. அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருக்கலாம்.

'திரையின் மின்விசையை அணைத்தால் போதுமே' என்கிறார்கள் மூத்தவர்கள். போதாது. திரையின் விளக்கும் அணைந்திருந்தால், கணினியே ஓய்ந்துவிட்டதென எண்ணிச் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துவிடுகிறார்கள். இது இங்கு இருமுறை நிகழ்ந்திருக்கிறது. கணினிப் பெட்டி மேசைக்கடியில் இருப்பதால் அதன் விளக்கு எவர் கண்ணிலும் படுவதில்லை. திரைக்காப்பு இருளாக்கிய திரையிலோ பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

கோடுகள் நெளியும் வகைத் திரைக்காப்பை நானும் ஏற்கவில்லை. அது திரையின் 4,000 பைட்டுகளை எங்கோ எடுத்துவைத்துப் பின்னர் திருப்பி எழுத வேண்டும். இடையில் அளவீட்டு நிரல் காட்சி நினைவகத்தில் நேரடியாக எழுதினால் இரண்டும் கலந்துவிடும். வெறுமனே இருளாக்கும் நிரலுக்கும் ஓர் எல்லை உண்டு: ஹெர்குலிஸ் அட்டையின் அப்பதிவகத்தில் எழுதலாமேயன்றி, அதிலிருந்து படிக்க இயலாது. வரைபட நிலையில் திரை இருண்டால், விழிக்கும்போது எந்நிலைக்குத் திரும்புவது என்று நிரலுக்குத் தெரியாது. எழுத்து நிலையின் மதிப்பை எழுதிக் காட்சியைக் குலைத்துவிடும். எங்கள் அளவீடு எழுத்து நிலையிலேயே நடப்பதால் இதுவரை தப்பினோம்.

ஆக, திருத்த வேண்டியது ஒன்றே: இருளில் அழுத்தப்படும் முதல் விசையைத் திரைக்காப்பே விழுங்கிவிட வேண்டும். மூலநிரலின் அச்சுப்படி கோப்பில் இருந்தது. விடுமுறை நாள்களில் அமர்ந்து, பத்துப் பன்னிரண்டு வரிகள் சேர்த்தேன். விசையை விழுங்கியபின், குறுக்கீட்டுக் கட்டுப்படுத்திக்கு 'முடிந்தது' என்று அறிவிக்க மறந்ததால், முதல் முயற்சியில் விசைப்பலகையே உறைந்துபோயிற்று! இப்போது எஸ்கேப்பை அழுத்தினால் திரை மட்டுமே விழிக்கிறது. ஆயினும் பழைய நிரல் எவர் வட்டிலாவது இருக்கக்கூடும் என்பதால், 'ஷிஃப்ட் விசையை மட்டும் அழுத்தவும்' என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதித் திரையின் விளிம்பில் ஒட்டியிருக்கிறேன். தனித்து அழுத்தினால் ஷிஃப்ட் எந்த எழுத்தையும் நிரலுக்கு அனுப்பாது.

சேர்மத்தை மீண்டும் தயாரிக்க அவருக்கு மூன்று வாரங்கள் ஆகுமாம். அதுவரை ஒவ்வோர் இரவும் வெற்று மாதிரியை வைத்து, புதிய நிரலுடன் கருவியை ஓட்டப் போகிறேன். அதன் பதிவேட்டைத் துறைக் கூட்டத்தில் வைத்து, முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்பேன்.