மல்லிகையின் மஞ்சள் இலை

குண்டுமல்லிச் செடி நட்ட பிறகு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நின்று பூக்கும். தர்மபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் வயதான செடிகளை அதிகம் வாட்டுவது இலைக் கோளாறுகள்தான். இலை மஞ்சளானதுமே மருந்துக்கடைக்குப் போய் ஏதாவது ஒரு பூஞ்சணக்கொல்லியை வாங்கி அடிப்பது பரவலான வழக்கம். மஞ்சளுக்குப் பொதுவாக மூன்று காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்றுதான் பூஞ்சணம். அதுவும் இலையில் இல்லை, வேரில் இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது எந்த இலை மஞ்சளாகிறது என்பதை. கொழுந்து இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மிகுந்த நிலத்திலும், உப்புத்தன்மையுள்ள ஆழ்துளைக் கிணற்று நீர் பாயும் இடத்திலும் இது அதிகம். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடிவதில்லை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து, இலை பச்சை திரும்பும்வரை மாதம் ஒருமுறை தெளித்தால் சரியாகும். நீர் கடினமானால் கரைசல் பழுப்பேறிப் பயனற்றுப் போகும். சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்து உடனே தெளித்துவிட வேண்டும்.

அடி இலை முதலில் மஞ்சளாகி, பிறகு மேலேறி, கடைசியில் செடியே காய்ந்தால் வேரழுகல். தண்டின் அடியைத் தோண்டினால் வெண்ணிற இழைகளும் கடுகு போன்ற பழுப்பு உருண்டைகளும் தெரியும். இதற்கு காப்பர் ஆக்சிகுளோரைடை லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேர்ப்பகுதி நனைய ஊற்றுவார்கள். நீர் தேங்காமல் வடித்தால்தான் அதுவும் பலன் தரும். தோட்டத்தில் ஆங்காங்கே திட்டுத்திட்டாகச் செடிகள் குன்றி மஞ்சளானால் நூற்புழுவைச் சந்தேகிக்கலாம். ஒரு செடியைப் பிடுங்கி வேரில் முடிச்சு இருக்கிறதா என்று பார்த்தால் சந்தேகம் தீரும். வேப்பம் புண்ணாக்கு இடுவதும், இடைவெளியில் செண்டுமல்லி நடுவதும் அதன் பெருக்கத்தைக் குறைக்கும். செண்டுமல்லி வேரிலிருந்து கசியும் பொருள் நூற்புழுவுக்கு ஆகாது.

உண்மையான இலைநோய் மழைக்காலத்தில்தான் வரும். இலையின் மேற்புறத்தில் செம்பழுப்பு வட்டப் புள்ளிகள் தோன்றி விரிய, இலை சுருண்டு காயும். கவனியாமல் விட்டால் இளங்கிளையும் மொட்டும் கருகும். மேன்கோசெப்பை லிட்டருக்கு 2 கிராம் வீதம் தெளிக்கலாம். உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரிப்பதும் அதே அளவு முக்கியம், ஏனெனில் அடுத்த மழைக்கு வித்து அவற்றில்தான் தங்கியிருக்கும். மாலையில் இலை நனைய நீர் பாய்ச்சுவதையும் தவிர்க்க வேண்டும்.

பலர் ஏமாறும் இடம் இன்னொன்று உண்டு. இலையிலும் தளிரிலும் வெள்ளையாகப் பஞ்சுபோல் படர்ந்தால் சாம்பல் நோய் என்று முடிவுகட்டி மருந்து அடிக்கிறார்கள். மல்லிகையில் அப்படித் தெரிவது கண்ணுக்கு எட்டாத சிலந்திப் பேன் கடித்ததால் இலையில் எழும் மயிர்வளர்ச்சி. மேன்கோசெப் அதைத் தொடாது. நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளித்து, பாதித்த தளிர்களை வெட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முந்திய வேலை கவாத்து. நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டி, நோய்ப்பட்ட குச்சிகளை நீக்கினால் செடிக்குள் காற்றும் வெயிலும் புகும். புள்ளிநோய்க்குத் தேவையான ஈரம் இலையில் நிற்காது. சந்தேகம் வந்தால் இலையை மட்டும் எடுத்துச் செல்லாமல், வேரோடு மண்ணையும் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுசென்று காட்டலாம்.